மீன்காரம்மாவும் நான் நிறுத்திவைத்த பிரிட்ஜும்

மீனில் மருந்து கலந்திருந்தது என்று எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன், ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன் என்பதால் யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அந்தப் பொய்யில் பிழைப்பை இழந்தவர், செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு முறை மீன் கொண்டுவந்துகொண்டிருந்த அம்மா.

ஓய்வுபெற்ற பிறகு சிக்கனம்தான் என் வேலையாகிவிட்டது. பணத் தட்டுப்பாடு ஒன்றும் இல்லை. அதிகாரம் செய்ய எனக்கு வேறு இடம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான். எலுமிச்சைத் தோலை ஊறவைத்த தண்ணீரால்தான் தரை துடைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பை நான்காக வெட்டி ஒரு துண்டை மட்டும் வெளியே வைப்பேன். அரிசி களைந்த தண்ணீரில் மீன் கழுவ வேண்டும், மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போக வேண்டும். என் மனைவி எல்லாவற்றையும் பேசாமல் செய்தாள். அவள் பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மீன்காரம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மற்றவர்கள் காலையிலேயே வாங்கிவிடுவார்கள். நான் அவர் திரும்பிப்போகும் நேரம் வரை காத்திருப்பேன். கூடையில் மிஞ்சிய கடைசிக் கூறு மீனை யாரும் கேட்காத விலைக்குக் கேட்கலாம். ஆய்ந்து கழுவித்தர அவர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்பார். அதை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஒருமுறை எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கும்போதே கேட்டுவிட்டார்.

“இன்னா சார், நீ வாத்தியாரு வேல பாத்தியா, வட்டிக்கட வெச்சினு இருந்தியா? ஒன் வூட்டம்மா கையப் பாரு, முள்ளு குத்திக் குத்தி எப்டி கீது. இருவது ரூவாய கட்டிக்கினு எங்க போப்போற?”

எதிர்வீட்டில் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்காது. அவர் வைத்திருந்த மீனில் குற்றம் கண்டுபிடிக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். ஒருமுறைகூட அகப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கெடுக்க ஆள் வருவார். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும். அதனால் கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் முழுக்கப் பகலில் பிரிட்ஜை நிறுத்திவைப்பது என் வழக்கம். அந்த வருடம் கத்திரி வெயிலில் அந்த வாரம் வந்தது. சனிக்கிழமை மதியம் மீன்காரம்மாவிடம் கானாங்கத்தை வாங்கினேன். மறுநாள் ஆராதனை முடிந்து மகளும் மருமகனும் காட்டாங்குளத்தூரிலிருந்து சாப்பிட வருவதாக இருந்தது.

“மீன் இருக்குங்க, இன்னைக்கு ஒருநாள் ஓடட்டும்” என்றாள் மனைவி.

“கதவைத் திறக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் குளிர் தாங்கும். இதைப் பாடமே எடுத்திருக்கேன்.”

பிரிட்ஜைக் காலையிலேயே நிறுத்தியிருந்தேன். உள்ளே தாங்குவதற்குக் குளிரே இல்லை என்பது எந்த மாணவனுக்கும் தெரிந்திருக்கும். ஆறு மணிக்கு மறுபடி ஓடவிட்டேன். மனைவி மீனை முகர்ந்துபார்த்து, “ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். “புளியைக் கொஞ்சம் கூட்டிப் போடு” என்றேன்.

ஞாயிறு மதியம் அவர்கள் இருவரும் முதலில் சாப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மருமகனுக்கு முகமும் கழுத்தும் சிவந்து தடித்தன. மகள் வாந்தியெடுத்துத் துவண்டுபோனாள். மருத்துவமனையில் இருவருக்கும் ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். மீன் குளிரில் இல்லாமல் நெடுநேரம் கிடந்திருக்கும் என்றார் டாக்டர். பிரிட்ஜ் வேலை செய்ததா என்றும் கேட்டார். செய்தது என்றேன்.

“எங்க வாங்கினீங்க மாமா?” என்று கேட்டார் மருமகன். குரலில் மரியாதை இல்லை. அவர் முன்னால் கஞ்சனாகவும் முட்டாளாகவும் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மீன்காரி, கெடாமலிருக்க மருந்தடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டாள் என்றேன். சொன்னதை உறுதியாக்க, அங்கேயே உட்கார்ந்து தெருக் குழுவில் எழுதினேன். சாயங்காலத்துக்குள் அது பக்கத்துத் தெருக்களின் குழுக்களுக்கும் போய்விட்டது.

அடுத்த முறை அவர் வந்தபோது ஒரு கேட்டும் திறக்கவில்லை. ஏன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

“சார், நான் மீனுக்கு மருந்து போட்டேன்னு சொன்னியாமே. நீ பாத்தியா?”

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்புடு.” அவர் என்னை விட்டு என் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. எம் மீனாலயா?”

மனைவி தரையைப் பார்த்தாள். மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அன்றிலிருந்து என் மனைவி வீட்டில் மீன் சமைக்கவில்லை. நானும் காரணம் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கீழ்க்கட்டளையில் ஒரு மீன்கடைப் பக்கம் போக நேர்ந்தது. கடையின் ஓரம், ஈரத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, யாரோ வாங்கிய மீனை ஒரு அம்மா ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவில் தன் கூடையில் தன் மீனை விற்றவர், அடுத்தவர் கடையில் கூலிக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

“கழுவணுமா சார், அப்டியே எடுத்துனு போறியா?”

நான் மீன் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து குழுவில் உண்மையை எழுதினேன். பிரிட்ஜை நிறுத்தியது நான், மீனில் குற்றமில்லை, மருந்து என்பது என் கற்பனை என்று விளக்கமாகவே எழுதினேன். ஏழெட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் ‘பெரிய மனசு சார்’ என்று எழுதினார். அடுத்த நிமிடம் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பேச்சு போய்விட்டது.

மறுநாள் கீழ்க்கட்டளைக்குப் போய் அந்தச் செய்தியை அவருக்குப் படித்துக்காட்டினேன். கைவேலையை நிறுத்தாமல் கேட்டார்.

“இத்த வெச்சினு நான் இன்னா பண்றது? கேட்டைச் சாத்துனவங்க ஒர்த்தரும் போனப் பாத்துட்டு என்னியத் தேடி வர்ல. புதங்கெழம கூடைய எடுத்துனு வரேன். எங்கூட வா. ஒவ்வொரு வூட்டாண்டயும் நின்னு வாயால சொல்லு.”

போனேன். அவர் கூடையைச் சுமந்து நிற்க, நான் கேட்டைத் தட்டி, “இவங்க மீன் நல்ல மீன். கெட்டுப்போக விட்டது நான். பொய் சொன்னதும் நான்” என்று சொன்னேன். மூன்றாவது வீட்டுக்காரர் சங்கடப்பட்டு, “அதான் குரூப்ல போட்டுட்டீங்களே சார், எதுக்கு வெயில்ல?” என்றார். “நீ இரு சார், அவரு முழுசா சொல்லட்டும்” என்றார் மீன்காரம்மா. முழுசாகச் சொன்னேன். ஒரு வீட்டில், “நாங்க இப்ப போன்லயே வரவச்சிடுறோம் அக்கா” என்று கதவை மூடினார்கள். எதிர்வீட்டில் அன்று போலவே சிரித்தார்கள். நான்கு வீடுகளில் வாங்கினார்கள்.

எங்கள் வாசலில் மனைவி பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

“ஒனக்கு இல்லம்மா” என்றார் மீன்காரம்மா.

“கழுவுற காசும் சேத்துத் தரேன்.”

“அன்னிக்கி ஒன்னியும்தான் கேட்டேன்.”

மனைவி உள்ளே போனாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கும் முன்பே அவர் அடுத்த வீட்டைத் தாண்டியிருந்தார்.

இப்போது புதனும் சனியும் வருகிறார். மற்ற நாட்களில் இன்னும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். “மீனேய்” என்ற குரல் தெருமுனையிலிருந்து வீடு வீடாக நெருங்கி வரும். எங்களுக்கு முந்தைய வீட்டோடு நின்றுவிடும். செருப்புச் சத்தம் மட்டும் எங்கள் கேட்டைக் கடக்கும். பிறகு அடுத்த வீட்டு வாசலில் குரல் மறுபடி எழும். அதுவரை நானும் என் மனைவியும் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம்.