மாமாவுக்குக் காட்டிய படம்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். போர்வைக்குள் இருந்து நம் நண்பர் குழுவுக்கு எழுதுகிறேன்.

மணிலாவில் தெருத்தெருவாக அலைந்து படம் எடுக்கும் அந்த அண்ணாவை நான் இணையத்தில் பின்தொடர்வது உங்களுக்குத் தெரியும். மீன் விற்பவரோ ஜீப்னி என்ற சிறு பேருந்தின் ஓட்டுநரோ, யாரை எடுத்தாலும் உடனே கிட்டப் போய்ப் படத்தைக் காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள்.

இன்று இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நானும் அப்படிச் செய்தேன். பந்தயக் கடை வாசலில் சீட்டோடு நின்ற குகன் மாமாவை எடுத்து, அவரிடமே காட்டினேன். இனிப் பந்தயமே கட்டமாட்டேன் என்று அப்பாவிடம் அவர் சத்தியம் செய்தது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“ஆரைக் கேட்டு எடுத்தனீ?” என்று போனைப் பறித்துப் படத்தை அழித்தார். “பள்ளிக்கூடம் விட்டா வீட்டை போகாமல் றோட்டு றோட்டாத் திரியிறியோ? இரவைக்கு வாறன். கொப்பரிட்டைச் சொல்லி உந்தப் போனுக்கு ஒரு முடிவு கட்டுறன்.”

“ஓம் மாமா” என்றேன். அப்பாவிடம்தான் சொல்லப் போகிறார்.

அழித்த படம் போனின் குப்பைக்கூடையில் இன்னும் இருப்பது அவருக்குத் தெரியாது. அதை அப்பாவுக்குக் காட்டவா, வேண்டாமா? யாருக்குக் காட்டக்கூடாது என்று மணிலா அண்ணா சொல்லித் தரவில்லை. நீங்களாவது சொல்லு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

“பிள்ளை, மாமா வந்திருக்கிறார். போனையும் எடுத்துக்கொண்டு வா.”