கடைசி இருக்கையும் காட்டன் வேஸ்டும்

பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. லேத்தில் கடைந்து வரும் உதிரிப்பாகத்தை, காட்டன் வேஸ்ட் என்கிற நூல் கழிவால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குறையிருந்தால் சிவப்புச் சீட்டு கட்டுவேன். அதே கையோடுதான் வீட்டிலும் இருந்திருக்கிறேன்.

பதினோரு வயதில் மகளுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளிச் செதிலாக உதிரத் தொடங்கியது. சோரியாசிஸ் என்றார் மருத்துவர்.

"ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் சில நாள்லயே வளந்து மேல வந்துடுது. உடம்போட எதிர்ப்புச் சக்தியே தப்பா அதைத் தூண்டுதுன்னு சந்தேகப்படறாங்க. குறையும், திரும்ப வரும். ஆனா யாருக்கும் ஒட்டாது. அதை மறக்காதீங்க."

மறக்கவில்லை. நம்பத்தான் இல்லை.

தார் கலந்த களிம்பு கொடுத்தார். புதிதாய்ப் போட்ட சாலையின் வாசனை அதற்கு. திருமுல்கேரியில் பள்ளிப் பேருந்தில் அவள் ஏறினாலே, "டாம்பர் ரோட் ஆகயி ரே!" என்று, தார் ரோடே வந்துவிட்டதாக, பையன்கள் அந்த ஊர் இந்தியில் கூவுவார்கள். மார்ச் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு அவள் கடைசி இருக்கைக்குப் போய்விடுவாள். முந்தின நாள் உதிர்ந்த செதில் இருக்குமே என்று, தினமும் அவளுக்கு முன்னால் நான் ஏறி, அந்தப் பச்சை ரெக்சின் இருக்கையைக் காட்டன் வேஸ்டால் துடைப்பேன்.

"நக்கோப்பா, வேணாம். எல்லாரும் பாக்குறாங்க" என்பாள்.

உனக்காகத்தானே என்பேன்.

ஒரு காலை, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மாள், தன் பெண்ணை ஏற்றிவிட்டு, பேருந்துப் படியை மறித்து நின்றார்.

"சார், உங்க பொண்ணு இனிமே இந்த பஸ்ல வேணாம். வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க. எங்க பிள்ளைங்களுக்கும் வந்துடும்."

"ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரும்மா."

"ஒட்டாதுன்னா நீங்க ஏன் தினம் துடைக்கிறீங்க?"

காட்டன் வேஸ்ட் கையிலேயே இருந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபம் அந்த அம்மாள் மேல் இல்லை.

சட்டைக்கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள். "வழி விடுங்க ஆன்ட்டி. எனக்கு ஃபர்ஸ்ட் பீரியட் டெஸ்ட் இருக்கு."

அந்த அம்மாள் தன்னையறியாமல் விலகினார். மகள் கடைசி இருக்கைக்குப் போகவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால், முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அங்கே இருந்த சிறுமி, அந்த அம்மாளின் பெண்தான், எழுந்து பின்னால் போனாள்.

கையிலிருந்ததைச் சாக்கடையில் எறிந்தேன். ஏறி அந்தக் காலியிடத்தில் உட்கார்ந்தேன். மகளின் முழங்கையைப் பற்றிக்கொண்டேன். களிம்பு என் வெள்ளைச் சட்டையில் படிந்தது.

ஓட்டுநர் திரும்பினார். "இந்த வயசுல ஸ்கூல் கைகூ, சாப்?"

"எதுக்கா? நிறையப் படிக்க வேண்டியிருக்கு. வண்டிய எடுங்க."

மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

பள்ளி வரை போய்விட்டு வந்தபோது, தொழிற்சாலை வாயிலில் தாமதப் பதிவேட்டை நீட்டினார்கள். காரணம் என்ற கட்டத்தில், "மகள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்" என்று எழுதினேன்.

"இதெல்லாம் ஒரு காரணமா சார்?" என்றார் காவலர்.

மறுநாளும் அதையே எழுதினேன்.