பேராசிரியர் எந்தத் துறை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் நகர் குடியிருப்போர் சங்க விழா. நாமக்கல்லில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பேராசிரியர் குமரவேலுக்கு ஆராய்ச்சி விருது கிடைத்திருக்கிறது — அதற்குப் பாராட்டு. அறிமுக உரை யார்? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் இருக்கிறானே... என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவருடைய கட்டுரைப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். அங்கே ஆரம்பித்தது தலைசுற்றல்.

வெயிலில் முட்டைக்கோழிகள் படும் பாடு. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர். வெற்றிலைச் சாறு குடித்த எலிகளின் சர்க்கரை அளவு. பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகை. லாரி டிரைவர்களின் முதுகுவலி. கிட்னி நோயாளிகளின் சாப்பாடு... எல்லாவற்றிலும் நாலைந்து பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருந்தது.

ஒரே மனிதருக்குக் கோழியும் தெரியும், கிட்னியும் தெரியுமா? எனக்கு எங்கள் வீட்டு மிக்ஸியே சரியாகத் தெரியாது.

போன் போட்டுக் கேட்டேன். "சார், நீங்க எந்தத் துறைங்க?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமுங்க," என்றார். வகுப்புக்கு நேரமாகிவிட்டதாம், வைத்துவிட்டார்.

அதற்குள் சங்கச் செயலாளர் ஃப்ளெக்ஸுக்கு வாசகம் கேட்டு நச்சரித்தார். குழம்பிப் போனவன் என்ன எழுதுவான்? 'கோழிப்பண்ணை முதல் கிட்னி வரை ஆராய்ந்த அறிஞரே, வருக' என்று எழுதிக் கொடுத்தேன். தெருமுனையில் ஆளுயரத்துக்கு நின்றது.

விழா நாள். பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின் தெரு பூங்கொடி ஒரு ஃபைலோடு நேராக வந்து அதை அவர் கையில் கொடுத்தார். பின்னாலேயே வேண்டாவெறுப்பாக அவருடைய கணவர் ராசு — லாரி டிரைவர்.

"சார், ஃப்ளெக்ஸப் பாத்துட்டு வந்தனுங்க. இவருக்குக் கிட்னி டெஸ்ட்டு எடுத்து எடுத்து ஃபைலுதான் ரொம்புது. பெரிய டாக்டருகிட்டப் போலாம்னா கேக்கறதே இல்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார்," என்றார் ராசு. "காலு கொஞ்சம் வீங்குது, அவ்ளோதான். நாளைக்கு லோடு ஏத்தோணும்."

பேராசிரியர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.

"அம்மா, நான் வைத்தியம் படிச்சவன் இல்லீங்க. புள்ளியியல் வாத்தியாரு. ஆராய்ச்சி பண்றவங்க அவங்க எடுத்த நம்பரைக் கொண்டாந்து குடுப்பாங்க. அது நெசமாவே மாறுதா, சும்மா ஏறி எறங்குதான்னு கணக்குப் போட்டுச் சொல்றதுதான் என் வேலைங்க."

ஓ... கோழிக்கும் கிட்னிக்கும் நடுவே இருந்தது கணக்கா! எனக்குத் தெளிந்திருக்க வேண்டும். ஆனால் பூங்கொடியின் முகம் விழுந்துபோனதைப் பார்த்ததும், ஃப்ளெக்ஸ் எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஃபைலைத் திருப்பிக் கொடுக்க நீட்டிய பேராசிரியர்... கொடுக்கவில்லை. ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினார். விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு புள்ளி வைத்து, கோடு இழுத்தார். கோடு ஏறியது. கடைசியில் செங்குத்தாக ஏறியது.

"ஏன் ஏறுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஏறுதுன்னு தெரியும். இதுக்கு மேல டாக்டருதான் பாக்கோணும். இன்னைக்கே."

ராசு அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வண்டியில ஹீட் மீட்டரு முள்ளு இப்படி ஏறுனா நான் ஓரங்கட்டிருவனுங்க," என்றார் மெதுவாக.

"அப்ப ஓரங்கட்டுங்க," என்றார் பூங்கொடி.

பேராசிரியரே இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பொன்னாடையும் கையுமாகச் செயலாளர் மேடையில் நின்றார். நாங்கள் பொங்கல், வடையைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

நேற்று ராசு போன் செய்தார், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. "வண்டி இன்னும் ஷெட்லதானுங்க நிக்குது. நல்லவேளை, இன்ஜின் சீஸ் ஆயி நின்னுபோறதுக்குள்ள கொண்டாந்துட்டாங்கன்னு டாக்டரு சொல்றாருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வரும் ஞாயிறு விழாவைத் திரும்ப வைக்கிறார்கள். அறிமுக உரையும் திரும்ப என்னிடமே வந்திருக்கிறது. கணக்கு வாத்தியார் என்று எழுதலாமா? அன்று நடந்தது வெறும் கணக்கா? பூங்கொடியிடமே கேட்டுவிட்டேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது? நான் அழுது பாத்தும் எறங்காத மனுசன லாரிய விட்டு எறக்குனவருன்னு எழுதுங்க."

அப்படியே எழுதிவிட்டேன். அது எந்தத் துறையில் வரும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.