கேட்டதும் குறைந்த விலை

சாஆ என்ற ஊரில் எங்களுக்கு ஒரு சின்ன டுரியான் பழத்தோட்டம் இருக்கிறது. போன மழையில் இரண்டு மரங்கள் சாய்ந்துவிட்டன. ஸ்கூடாயில் மகள் வீட்டுக்குப் போனபோது, அப்படியே அவற்றை அறுக்கப் புது செயின்சா வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

"கொஞ்சம் குறைங்க தம்பி" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். கடைக்காரர் சட்டென்று இருநூறு வெள்ளி குறைத்தார். எனக்கு அங்கேயே உறுத்தியது.

"நம்ம அக்காவாச்சே, அதான் குறைச்சேன்" என்றார். பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் நான் அக்காவாம்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"கடைக்குள்ள பொகை வரும் லா, அக்கா."

"அப்போ செயின் மூடியையாவது கழட்டுங்க, பார்க்கலாம்."

முகம் மாறியது. வேண்டாவெறுப்பாகக் கழற்றினார். உள்ளே மரத்தூள் எண்ணெயில் ஊறி அப்பியிருந்தது.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், அவ்வளவுதான்."

"கடைக்குள்ள எந்த மரத்தை வெட்டி டெஸ்ட் பண்ணீங்க?"

அவர் அவசரமாக மூடியை மறுபடி மாட்டத் தொடங்கினார். யாரோ வாங்கி வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்ததை, துடைத்துப் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். பணப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் சாஆவிலேயே கடை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம் வாங்கினேன். அவர் விலையில் மசியவே இல்லை. ஆனால் மூடியைக் கழற்றிக் காட்டி, வாசலில் ஸ்டார்ட் செய்து, கூடவே ஒரு செயினும் கொடுத்தார்.

இப்போது எந்த மெஷின் வாங்கினாலும், திறந்து பார்த்த பிறகுதான் விலை பேசுகிறேன். தவுக்கேயிடமும் அப்படித்தான். அவருக்கும் பழகிவிட்டது. என் தலை தெரிந்தாலே, விலையைச் சொல்வதற்கு முன் மூடி கழற்றும் ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.