பூவாற்றில் சிக்கிய விலாங்கு

கடலுக்கு இறங்கும் விலாங்கைப் பின்தொடர்வது ஒரு காலத்தில் என் உத்தியோகம். இப்போது சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் மீன்துறை அதிகாரி இங்கிலாந்தில் படித்தவர். ஐரோப்பாவில் விலாங்குகள் ஆற்றில் பல வருடம் வளர்ந்து, பிறகு முட்டையிடக் கடலுக்குப் போய்விடும், திரும்புவதில்லை என்பார். முதுகில் தகடு கட்டி அவை போகும் வழியை அங்கே கண்டுபிடிக்கிறார்களாம். நெய்யாற்று விலாங்கும் அப்படித்தானா என்று பார்க்க இரண்டு பேரை நியமித்தார். ஒருவன் பாறசாலைக்காரனான நான். மற்றவன் நெய்யாற்றின்கரைக்காரன், என் வயது. அவன் வீட்டில் மலையாளம். என்னோடு இரண்டும் கலந்து பேசுவான்.

ஆற்றில் அருவிப்புறத்துக்கு மேலே மூங்கில் கூடு வைத்துப் பிடிப்போம். கடலுக்குப் புறப்படும் விலாங்கைப் பார்த்தாலே தெரியும். மஞ்சள் வயிறு வெளுத்துக் கண் பெரிதாகியிருக்கும். ஈரச் சாக்கில் சுருட்டி நான் அமுக்கிக்கொள்வேன். அவன் முதுகுத் துடுப்பின் அடியில் கம்பி கோத்து, எண் பொறித்த வெள்ளித் தகட்டை முறுக்குவான். பூவாற்றில், ஆறு கடலில் சேரும் பொழியில் வலை போடுகிறவர்களிடம் தகட்டைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தோம். முதல் மழைக்காலத்தில் ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடமும் சளைக்காமல் கட்டினோம். பாதி நாள் அவனுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி அவிக்கும் மரச்சீனிக் கிழங்கு அவனுக்கு உயிர்.

மலையாளப் பகுதியோடு இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் அப்போது சூடுபிடித்திருந்தது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அரசாங்க வேலை, வாயைத் திறக்கமாட்டேன். ஒரு நாள் பாறசாலையில் ஊர்வலம் போய், கல்லெறியில் ஒரு போலீஸ்காரருக்கு மண்டை உடைந்தது. அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நானும் அவனும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்லெறிந்தவர்களில் நானும் ஒருவன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

ஆற்றில் இருந்தேன், கூட இருந்தவனைக் கேளுங்கள் என்றேன். கூட்டி வந்தார்கள். அவனைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. சப் இன்ஸ்பெக்டரின் மேசையைப் பார்த்துக்கொண்டு மலையாளத்தில் சொன்னான்.

“அன்னு இயாள் ஆற்றில் வந்நிட்டில்லா, சாரே.”

அன்றைக்கு இந்த ஆள் ஆற்றுக்கு வரவில்லையாம். அதுவரை என்னை மக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன்.

அடித்ததை எழுத விருப்பமில்லை. இடது காது அன்றோடு மந்தமாயிற்று. சில மாதம் ஜெயிலில் இருந்தேன். பிறகு சாட்சி போதாதென்று விட்டுவிட்டார்கள். வேலை போனது போனதுதான்.

நான் உள்ளே இருந்தபோது அவன் என் வீட்டுக்கு வந்திருக்கிறான். மிச்சத் தகடுகளும் குறடும் அங்கே இருந்தன. துறைச் சொத்து, எடுத்துக்கொண்டு போக வந்தானாம். மனைவி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். போகும்போது, தகட்டோடு ஒரு விலாங்கு பூவாற்றில் வலையில் விழுந்ததாகவும், அதை என்னிடம் சொல்லும்படியும் சொன்னானாம். அவள் கதவைச் சாத்திவிட்டாள். துறை வெளியிட்ட விலாங்கு அறிக்கையில் அவன் பெயரும் அதிகாரியின் பெயரும் மட்டும் வந்தன.

பிறகு எல்லை பிரித்தார்கள். பாறசாலை கேரளத்தில் நின்றுவிட்டது. எனக்குக் குழித்துறைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் வேலை கிடைத்தது. தினமும் எல்லை தாண்டிப் போய் அறிவியல் நடத்தினேன்.

நெய்யாற்றில் அணை வந்த பிறகு, பாறசாலை பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் அவனே என்னிடம் வந்தான். தலை நரைத்து, பெரிய அதிகாரியாகியிருந்தான். அணைக்கு மேலே இனி விலாங்கு ஏறாது என்று ஆரம்பித்தான். நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

“எனக்கு வேற வழி இல்லாயிருந்து மக்கா. நான் உள்ளத சொல்லியிருந்தா, தமிழன் பக்கம் நின்னேன்னு எனக்க ஜோலியும் போயிருக்கும் ஆக்கும்.”

“போயிருக்கும்,” என்றேன். “ரெண்டு பேரும் சேந்து வேற ஜோலி தேடியிருப்போம்.”

அவன் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சில வருடங்களுக்குப் பின் அவன் இறந்த செய்தி வந்தது. போகவில்லையா என்று மனைவி கேட்டாள். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். அது பள்ளி விடுமுறை என்று அவளுக்கும் தெரியும்.