தொண்ணூற்றொன்பது போடவும்

தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் கணக்கெடுப்பு முழுவதும் எங்கள் பதுளை அலுவலகத்தில் ஒரே ஃபைலில் இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருள் ஒரே கணினியில் இருந்தது. அந்தக் கணினி ஒரு மழைக்காலத்தில் செத்தது. மென்பொருளை விற்ற கம்பெனி அதற்கு முன்பே கடையைக் கட்டியிருந்தது. எங்கள் அலுவலகத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஃபைலுக்குள்ள என்ன, எங்க இருக்கெண்டு பார்த்து ஒரு விளக்கம் எழுதும் தம்பி," என்றார், டீ போடச் சொல்வதுபோல.

மூன்று மாதம் பைட் பைட்டாக எண்ணினேன். முதல் நாலு பைட் ஃபைலின் பெயர்ப்பலகை. அடுத்து எத்தனை கேள்வி, எத்தனை குடும்பம். எண்களைக் கடைசியிலிருந்து முன்னுக்கு எழுதியிருந்தார்கள். அது பிழையல்ல, அதுதான் வழக்கம் என்று விளங்கவே ஒரு வாரம். "இதுக்குத்தான் கெம்பஸ் போனீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

இதற்கிடையே ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் எங்களிடமும் வருவார். அவர் குடியிருக்கும் லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் ஒற்றையறைக் காம்பராக்களுக்கு, குழாய்த் தண்ணீர் கேட்ட மனு திரும்பியிருந்தது. அந்தப் பிரிவில் எல்லா வீட்டிலும் குழாய் உண்டு என்று, கணக்கெடுப்பை வைத்து நாங்கள் எழுதிய அறிக்கை சொன்னதாம்.

"அந்தக் குழாய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்கய்யா. நாங்களே தேடிக்கிறோம்."

ஒளித்த இடம் கிடைத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் 'பதில் இல்லை' என்பதற்கான குறியீட்டை ஃபைலின் தலைப்பகுதியில் வைத்திருந்தார்கள். வீட்டு இலக்கத்துக்கு அது 99. அந்த எண்ணைக் கண்டால் மென்பொருள் குடும்பத்தையே கணக்கிலிருந்து தள்ளிவிடும். லயம் முழுக்க 99. மிஞ்சியது தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவும் உத்தியோகத்தர் வீடுகளும். அங்கே ரோஜாச் செடிக்குக்கூடக் குழாய் உண்டு. தள்ளப்பட்டவர்களின் பதில்கள் பத்திரமாக உள்ளேயே கிடந்தன: தண்ணீர், ஓடையிலிருந்து.

எந்த மடையன் செய்த வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தேன். குறிப்புகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. 'லயங்களுக்கு வீட்டு இலக்கம் இல்லை, 99 போடவும்.' கீழே மடையனின் முதலெழுத்துகள். என்னுடையவை. கணக்கெடுப்புப் படிவம் தயாரித்ததே நான்தான் என்பதை வசதியாக மறந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

விளக்கத்தில் அதையும் எழுதினேன். தலைவர் பேனாவால் வெட்டினார். "ஃபைல் எப்பிடி இருக்கெண்டு மட்டும் எழுதும். ஆர் செய்ததெண்டு ஆர் கேட்டது?" வெட்டியதை நான் மறுபடி எழுதி, அறிக்கையைத் திருத்தக் கோரும் கடிதத்தோடு அனுப்பினேன். முதல் தடவையாக அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடாமல் போனார்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, தப்பு என்னுடையது, லயத்து வீடுகளுக்கு நம்பர் இல்லை என்று நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஐயா பொறந்தது எந்தத் தோட்டம்?"

"ஹல்துமுல்லைப் பக்கம்."

"எந்த லயம்?"

"எட்டாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா," என்றேன், யோசிக்காமலே.

"அப்ப நம்பர் இருக்குல்லங்க," என்றார்.