ராக்கெட்டுக்குப் போட்ட சங்கிலித் தையல்

என் அத்தை மகனுக்கு ராக்கெட் பைத்தியம். கேரளக் கடற்கரையில் ராக்கெட் விட ஆரம்பித்திருந்த காலம் அது. திருப்பூரில் நான் தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில்தான் அவரும் மெஷின் ஃபிட்டராக இருந்தார். கல்யாணம் இன்னும் பேசவில்லை. ஆனால் எனக்கு அவர்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதற்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் குண்டடத்தில் இருந்த எங்கள் மேட்டுக்காட்டுக்கு அலுமினியக் குழாயும் கையுமாக வந்துவிடுவார். வெடிமருந்தை அடைத்துப் பற்றவைத்தால் சீறிக்கொண்டு கிளம்பும். போவதில் ஒரு குறையும் இல்லை. மேலே அடிக்கிற காற்றுதான் அதைத் தாராபுரம் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒன்றுகூடத் திரும்பக் கிடைத்ததில்லை. சோளக்காட்டில் தேடி அலைந்து, காலைக் கிழித்துக்கொண்டு வருவார். நான் தண்ணீர்ச் சொம்போடு நிற்பேன். அதற்காகவே இன்னொன்றும் தொலையட்டும் என்று இருக்கும்.

இதைக் கேள்விப்பட்ட கோயம்புத்தூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர், "சொன்ன உயரத்துல நிறுத்திக் காட்டுப்பா. கடற்கரையில வேலைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் வாயைத் திறந்தால் பிரேக், பிரேக் என்று ஒரே பேச்சு.

குழாயைச் சுற்றி நான்கு தகர மடல்கள். மருந்து எரிந்து தீர்ந்ததும் அவை குடைபோல விரிந்து காற்றை மறிக்க வேண்டும். விரிக்க ரப்பர் இருந்தது. அதுவரை மூடிவைக்க மடலுக்கு ஒரு நூலாகக் கட்டினார். நெருப்பில் ஒரு நூல் முந்தி அறும், ஒன்று பிந்தும். முந்திய மடல் விரிந்த பக்கமே ராக்கெட் கவிழ்ந்து மண்ணில் செருகிக்கொள்ளும்.

"ஏனுங்க மாமா, நாலுக்கும் சேத்து ஒரே நூலுல சங்கிலித் தையல் போட்டா என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருந்ததா? சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால் முழுத் தையலும் சரசரவென்று ஓடிவிடும். அதற்காகக் கம்பெனித் தையல் மாஸ்டரிடம் நான் வாங்காத திட்டில்லை. இங்கே வேண்டியதே அந்த ஓட்டம்தான்.

"அட, இத்தன நாளா இத எங்க புள்ள வச்சிருந்தே?" என்றார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

வாத்தியார் வந்த அன்று தையலை நான்தான் போட்டேன். மடல்களைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகக் கோத்து, கடைசிக் கண்ணியை, மருந்து எரிந்து தீரும் மேல்முனைத் துளை ஓரமாக ஒரு துண்டு நூலால் நிறுத்திவைத்தேன். நெருப்பு அந்தத் துண்டைத் தின்றால் போதும். ஆனால் பழக்கத்தில் என் கை கண்ணிக்குள் நூலை விட்டுப் பூட்டப் போனது. ஒரு இழுப்பு இழுத்தால் யாருக்கும் தெரியாது. மடல் விரியாது, ராக்கெட் தாராபுரம் போகும், மாமா இங்கேயே இருப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் என் மனசு கேட்டது. பக்கத்தில் அவர் வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் நடுங்கியது. நான் நூலை வெளியே எடுத்துவிட்டேன்.

நான்கு மடலும் ஒன்றாக விரிந்தன. ராக்கெட் வானத்தில் தயங்கி, எங்கள் வேலிக்குள்ளேயே வந்து விழுந்தது. மாமா அதைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். பிறகு எனக்கு வேறிடத்தில் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் ஆடிக் காற்று அடித்தால் கண் வானத்துக்குத்தான் போகிறது. அப்படி ஒருவர் என்னைப் பார்த்து ஓடிவரமாட்டாரா என்று இருக்கிறது.

கடற்கரை வேலைக்கு அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். படியில் ஏறிக்கொண்டே, "பழக்கத்துல நீ பூட்டிப்போடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன் புள்ள" என்று சிரித்தார்.

"எனக்கும் அதே பயந்தானுங்க மாமா" என்றேன்.